தனித்திருக்கும் பிள்ளையும் நாவலில் வரும் நண்பனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் நாவல் வாசிக்கிறோம். பதினான்கு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகள் வருகிறார்கள். சில பெற்றோர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் தீவுப் பேச்சுமொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், இங்கே வந்தால் தமிழ் என்று வாழும் பிள்ளைகள். எந்த மொழி நாவலை எடுத்தாலும் பேச்சு தனியாக இருக்கும் ஒரு பிள்ளையிடமும் அதற்குக் கிடைக்கும் நண்பனிடமும் வந்து நிற்கிறது. வருடா வருடம் அதே சந்தேகங்களைக் கேட்கிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

வளர்பருவ நாவல்னா என்ன மிஸ்? சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதின கதையா?

சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கதை. சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியதாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு உலகம் ஒரு மாதிரி தெரிகிறது. முடிவில் அதே தெரு, அதே வீடு வேறு மாதிரி தெரிகிறது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை. ஜெர்மன் மொழியில் இதற்கு பில்டுங்ஸ்ரோமான் என்று பெயர். கதே 1795–96இல் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலை இந்த வகைக்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். தமிழில் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இருக்கிறது. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன் என்ற பையன், 1947–48 காலத்தில் ஊர் இரண்டாகப் பிளப்பதைப் பார்த்தபடி வளர்கிறான்.

ஏன் எப்பவும் தனியா இருக்கிற பிள்ளையைப் பத்தியே எழுதுறாங்க?

தனியாக இருக்கும் பிள்ளை கவனிக்கும். நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டே போகிறவனுக்கு மதில்மேல் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் தனியாக வருகிறவனுக்குத் தெரியும். கதை சொல்ல அந்தக் கண் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையின் வாழ்க்கையில் ஒரே ஒருவர் நுழைந்தாலும் எல்லாம் அசைந்துவிடுகிறது. நிறைந்த குடத்தில் ஒரு சொட்டு விழுந்தால் யாருக்குத் தெரியும்? வெறும் குடத்தில் விழும் சொட்டுக்குத்தான் சத்தம் உண்டு.

நண்பன் வந்ததும் தனிமை போயிடும். அதுதானே கதை?

எல்லாரும் முதலில் இப்படித்தான் சொல்கிறார்கள். நல்ல நாவல்களில் அப்படி நடப்பதில்லை. தனிமை போவதில்லை, அதற்குப் பேச்சு வருகிறது. இவ்வளவு நாள் பெயரில்லாமல் நெஞ்சில் கிடந்தது, இன்னொருவர் பக்கத்தில் வந்தவுடன் ‘இது இன்னது’ என்று தெரிகிறது. என் மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்து கிளம்புகிறவைதான்.

நம் நாட்டு நாவல் ஒன்றையே பாருங்கள். நத்தாஷா அப்பனா 2007இல் பிரெஞ்சில் எழுதிய ‘கடைசிச் சகோதரன்’. மாப்பு என்ற ஊரில் கரும்புத் தோட்டத்துக் குடிசையில் ராஜ் பிறக்கிறான். அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். ஒரு பெருமழை வெள்ளம் இரண்டு பேரையும் கொண்டுபோய்விடுகிறது. குடும்பம் போ பாசனுக்கு இடம் மாறுகிறது. அப்பாவுக்கு அங்கே சிறைச்சாலையில் காவலாளி வேலை. அவர் குடிப்பார், அடிப்பார். ராஜ் புதருக்குள் ஒளிந்துகொண்டு சிறைக் கம்பிவேலியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். உள்ளே அவன் வயதுப் பையன் ஒருவன் அழுகிறான். பிறகு அப்பா அடித்த அடியில் ராஜ் சிறை மருத்துவமனைக்கே வந்து சேர, அங்கே அந்தப் பையனோடு பழக்கமாகிறது. அவன் பெயர் டேவிட். பிராகிலிருந்து வந்த யூதச் சிறுவன், தாய் தகப்பன் இல்லாதவன்.

கவனியுங்கள். டேவிட் வந்ததால் ராஜின் தம்பியும் அண்ணனும் திரும்பி வரவில்லை. டேவிட்டுக்கும் யாரும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் தன் துக்கத்தை இன்னொரு முகத்தில் பார்க்க ராஜுக்கு முடிகிறது. அதுவரை வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை.

யூதப் பிள்ளைங்க மொரீஷியஸ் ஜெயிலுக்கு எப்படி வந்தாங்க? இது கற்பனையா?

ராஜும் டேவிட்டும் கற்பனை. சிறை கற்பனையில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய யூதர்கள் ஹைஃபா துறைமுகம்வரை போய்விட்டார்கள். பாலஸ்தீனத்தை அப்போது ஆண்ட பிரிட்டிஷ் அரசு அவர்களை இறங்கி வாழ விடவில்லை. 1,500க்கும் மேற்பட்டவர்களை இங்கே அனுப்பியது. 1940 டிசம்பரில் வந்தவர்கள் 1945 ஆகஸ்ட்வரை போ பாசன் சிறையில் அடைபட்டிருந்தார்கள். ஆண்கள் சிறை அறைகளில், பெண்களும் பிள்ளைகளும் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில். இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகள் சென் மார்த்தேன் இடுகாட்டில் இருக்கின்றன. பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். நம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அதைப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒருத்தன் மொழி இன்னொருத்தனுக்குத் தெரியாது. அப்புறம் எப்படி நட்பு வரும்?

இதைக் கேட்டவன் வீட்டில் கிரியோல் பேசி, அப்பாவுக்காகத் தமிழ் படிக்க வருகிறவன். அவனுக்கே பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ராஜும் டேவிட்டும் தாய்மொழி அல்லாத பிரெஞ்சில், தட்டுத் தடுமாறிப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே அளவுக்குத் தடுமாறுகிறவர்கள். அதனால் ஒருவன்முன் ஒருவன் கூச வேண்டியதில்லை.

என் கதையையும் சொல்கிறேன். 1988இல் எனக்குப் பதின்மூன்று வயது. சுயாக்கிலிருந்து ரோஸ்ஹில்லுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, படிக்க அனுப்பினார்கள். பள்ளியில் முதல் ஆறு மாதம் யாரோடும் பேசியதில்லை. ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் ‘தலைவலி’ என்பேன். வீட்டிலும் அதையே சொல்வேன், சித்தி தைலம் தேய்ப்பார். பக்கத்து பெஞ்சில் கிரியோல் சமூகத்துப் பெண் ஒருத்தி. ஒருநாள் பேருந்து நிலையத்தில் தால்பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, வாங்கினாள். இங்கே தால்பூரியை ஜோடியாகத்தான் தருவார்கள், உங்களுக்குத் தெரியும். காகிதத்தைப் பிரித்து ஒன்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மற்றதைக் காகிதத்தோடு என் மடியில் வைத்தாள். பட்டாணிக் குழம்பு என் பாவாடையில் ஒழுகியது. ‘உனக்குத் தலைவலி இல்லை, தோ சாக்ரேன்’ என்றாள். நீ துக்கமாக இருக்கிறாய் என்று அர்த்தம்.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. சாவு வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அது பொருந்தும் என்று அதுவரை தெரியாது. அன்றைக்குப் பிறகு நான் தலைவலி என்று பொய் சொன்னதில்லை. தனிமைக்குப் பேச்சு வருகிறது என்று மேலே சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

ராஜுக்குப் பத்து வயசுகூட ஆகலை. அது எப்படி வளர்பருவக் கதை?

கதை நடக்கும்போது அவன் சின்னப் பிள்ளை. கதையைச் சொல்கிறவருக்கு எழுபது வயது. கனவில் டேவிட் வந்ததும், மகனைக் காரோட்டச் சொல்லி அந்த இடுகாட்டுக்குப் போகிறார் கிழவர் ராஜ். வளர்வது சில பேருக்கு அறுபது வருடம் எடுக்கும் வேலை. பதினெட்டு வயதில் ஒரே நாளில் முடிந்துவிடுகிற மாதிரி எழுதும் நாவல்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நண்பன் நல்லவனாத்தான் இருக்கணுமா? கெட்ட சகவாசம் பிள்ளையைக் கெடுக்காதா? (ஒரு தகப்பனார்)

ஐயா, திருவள்ளுவரே நட்புக்கு ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, பிறகு நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறார். உங்கள் பயம் பழைய பயம், நியாயமான பயமும்கூட. ஆனால் நாவலில் வரும் நண்பனை நல்லவன், கெட்டவன் என்று உடனே பிரித்துவிட்டால் கதை கைநழுவிப் போய்விடும். ‘அவனால் இந்தப் பிள்ளை எதை முதல்முறையாகச் செய்கிறான்?’ என்று கேளுங்கள். முதல் பொய்யா, முதல் மறுப்பா, முதல் மன்னிப்பா?

ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935இல் ஆங்கிலத்தில் வந்தது. போலீஸ் அதிகாரி மகன் ராஜம் பள்ளிக்குப் புதிதாக வருகிறான். சுவாமி அவன் பின்னாலேயே திரிகிறான். பழைய நண்பர்கள் சுவாமிக்கு ‘வால்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ராஜம் கெட்ட பையன் இல்லை. ஆனால் கட்டளையிட்டுப் பழகிய வீட்டிலிருந்து வந்தவன். புதிய நட்பு ஒன்று கிடைத்தால் பழையது எங்கே கிழிகிறது என்பதைச் சுவாமி அங்கே கற்றுக்கொள்கிறான். நட்பு சிரித்துப் பேச மட்டுமில்லை, வரம்பு மீறினால் இடித்துச் சொல்லவும்தான் என்கிறது 784ஆம் குறள். ராஜமுக்கு இடித்துச் சொல்லும் தைரியம் சுவாமிக்கு வரவில்லை. எனக்கு அந்த நாவலில் மிகவும் வலிக்கும் இடம் அதுதான்.

பொண்ணுங்க நட்பைப் பத்தி ஏன் யாரும் எழுதறதில்லை?

எழுதியிருக்கிறார்கள், நாம்தான் குறைவாக வாசிக்கிறோம். ஆனந்த தேவி 2006இல் எழுதிய ‘ஈவ்’ நாவல் போர்ட் லூயி ஓரத்தில் த்ரூமாரோன் என்ற கற்பனைக் குடியிருப்பில் நடக்கிறது. நாலு இளம் பிள்ளைகள் மாறி மாறிப் பேசுகிறார்கள். பதினேழு வயது ஈவ் தன் உடம்பைத் தவிரத் தன்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நம்பி வளர்ந்தவள். யாரும் அவளிடம் எதையும் கேட்காமல் பக்கத்தில் இருந்ததில்லை, சவிதாவைத் தவிர. அந்த ஒரே நட்பில்தான் ஈவ் தன்னை ஒரு விலையாகப் பார்க்காமல் ஒரு ஆளாகப் பார்க்கிறாள். சவிதா கொல்லப்பட்ட பிறகு ஈவ் என்ன ஆகிறாள் என்பதை வாசிக்கும்போது, அந்த நட்பு எவ்வளவு பாரத்தைத் தாங்கி நின்றது என்று தெரிகிறது.

கடுமையான புத்தகம் இது. பதினேழு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அதற்கு மேலே உள்ளவர்கள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து வாசிக்கட்டும், வாசித்த அன்றே பேசட்டும்.

பையனும் பொண்ணும் நண்பர்களா இருந்தா கடைசியில காதல்லதான் முடியணுமா?

முடிய வேண்டியதில்லை. சினிமாப் பழக்கத்தில் அப்படி எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஏன் எல்லாக் கதையிலயும் நண்பன் செத்துப் போறான், இல்லாட்டி ஊரை விட்டுப் போறான்? வாசகனை அழவைக்கவா?

சில நாவல்களில் ஆமாம், அழவைக்கத்தான். அதைக் கண்டுபிடிப்பது எளிது. நண்பனுக்கென்று சொந்த ஆசையோ கோபமோ எதுவும் இருக்காது, சாவதற்கென்றே கதைக்குள் வந்தவன் போல இருப்பான்.

நல்ல நாவலில் பிரிவு வேறு வேலை செய்கிறது. நண்பன் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளை அவன் கண்ணால் பார்க்கிறது. அவன் போன பிறகு அந்தப் பார்வையைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். ‘சுவாமியும் நண்பர்களும்’ முடிவைப் பாருங்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்குச் சுவாமி வராததால் ராஜம் அவனோடு பேசுவதில்லை. ராஜமின் குடும்பம் ஊர் மாறிப் போகிறது. ரயில் கிளம்பும் நேரத்தில் சுவாமி கொடுக்க நினைத்த புத்தகத்தை நண்பன் மணி வாங்கி, ஓடிப்போய் ராஜமிடம் சேர்க்கிறான். ராஜம் கடிதம் போடுவானா என்று சுவாமி மணியிடம் கேட்கிறான். போடுவான் என்கிறான் மணி. அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா? மணியின் முகத்தைப் பார்த்தாலும் தெரியவில்லை. அங்கே நாவல் முடிகிறது.

என் தால்பூரித் தோழியின் குடும்பமும் 1990இல் மெல்பர்னுக்குப் போய்விட்டது. நம் தீவில் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பாத தெரு ஏது? மூன்று கடிதம் வந்தது, பிறகு இல்லை. அதனால் சுவாமி கேட்ட கேள்வியை நான் கதை என்று வாசிப்பதில்லை.

போன்லயே பழகுற நண்பனை நாவல்ல எழுதலாமா? நேர்ல பார்த்ததே இல்லையே!

தாராளமாக எழுதலாம். நேரில் பார்க்காத நட்பு தமிழுக்குப் புதிதே இல்லை. சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள். சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, ‘பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் வையுங்கள்’ என்றான். அவரும் வந்தார். புறநானூற்றில் இருக்கிறது.

ஆனால் எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. திரையில் வந்த எழுத்துகளை அப்படியே பக்கம் பக்கமாக இறக்கினால் கதை சோர்ந்துவிடும். அவர்களுக்கு நடுவில் ஒரு காலி இடம் வேண்டும். பிசிராந்தையாருக்கு வைத்த இடம் மாதிரி. இரவு பதினொரு மணிக்குப் பதில் வராத அந்த அரைமணி நேரம் பையன் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள்.

என் மகன் இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிச்சிட்டு இன்னும் ஒதுங்கிப் போறான். நிறுத்தணுமா? (ஒரு அம்மா)

முதலில் அவன் எப்படி ஒதுங்குகிறான் என்று பாருங்கள் அம்மா. வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்கிறானா? அப்படியானால் பயப்படாதீர்கள். அவன் தன் துக்கத்துக்குச் சொல் தேடுகிறான். ‘யாரைப் பிடித்தது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘உனக்கு ஏன் நண்பர்களே இல்லை?’ என்று கேட்காதீர்கள்.

ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, முன்பு பிடித்ததெல்லாம் வேண்டாம் என்று வாரக்கணக்கில் இருந்தால் அது வேறு. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். புத்தகம் துணைக்கு வரும், மருத்துவம் பார்க்காது.

பரீட்சையில ‘நட்பு கதாநாயகனை எப்படி மாற்றுகிறது’ன்னு கேட்டா எப்படி எழுதறது மிஸ்?

‘நட்பு அவனுக்குத் தைரியம் கொடுத்தது’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். திருத்துகிறவர் அதை நூறு தடவை வாசித்திருப்பார். நாவலின் தொடக்கத்தில் அந்தப் பிள்ளையால் செய்ய முடியாத ஒரு சின்னச் செயலைக் கண்டுபிடியுங்கள். அதே மாதிரி ஒன்றை முடிவுக்குப் பக்கத்தில் தேடுங்கள். ராஜ் தொடக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து பார்ப்பவன். பின்னால், புயல் அடித்த குழப்பத்தில், டேவிட்டை அந்த வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு ஓடுகிறவன். இரண்டுக்கும் நடுவில் என்ன வந்தது என்று எழுதினால் அதுதான் பதில். மூன்றாவது கேள்விக்கு நான் சொன்னதையும் ஒருமுறை பாருங்கள்.

நானே ஒரு கதை எழுதறேன். என் கதாநாயகி உயிரோட இருக்கா, அவ தோழி மட்டும் பொம்மை மாதிரி இருக்கா. என்ன செய்யறது?

தோழிக்கு ஒரு வீடு கொடு. அந்த வீட்டில் சாயங்காலம் என்ன வாசனை வரும், யார் கத்துவார்கள், அவள் எங்கே படுக்கிறாள்? பிறகு அவளுக்குக் கதாநாயகியோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஆசை கொடு. கடைசியாக, இரண்டு பேருக்கும் ஒரு சண்டை வை. அதில் தோழி பக்கம்தான் நியாயம் இருக்க வேண்டும்.

மொழியையும் கவனி. நம் பிள்ளைகள் ரோஸ்ஹில் மெட்ரோவில் போகும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மொழி கலக்கிறார்கள். கதையில் எல்லாரும் சுத்தத் தமிழில் பேசினால் பொம்மைகள்தான் வரும். எந்த நேரத்தில் எந்த மொழிக்குத் தாவுகிறார்கள் என்று பார். கோபத்தில் கிரியோலா? பாட்டியைப் பற்றிப் பேசும்போது தமிழா? அந்தத் தாவலில்தான் நட்பு இருக்கிறது.

எல்லாம் சரி மிஸ். ராஜ் வளர்ந்தான். டேவிட்டுக்கு என்ன கிடைச்சுது?

போன வருடம் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டாள். கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ராஜ் அவனை வெளியே கூட்டிப் போகிறான், தன் வீட்டுக்கு, தன் காட்டுக்கு, தன் பழைய ஊரைப் பார்த்து. டேவிட் ஏற்கெனவே நோயாளி. வழியிலேயே இறந்துபோகிறான். ராஜ் இழந்த சகோதரர்களின் இடத்தில் டேவிட்டை வைக்க ஆசைப்பட்டான். டேவிட்டுக்கு என்ன வேண்டும் என்று அவன் எவ்வளவு கேட்டான்? எழுபது வயதில் கல்லறை முன்னால் நிற்கும் ராஜ் அந்தக் குற்ற உணர்வோடுதான் நிற்கிறார். ஒருவர் வளர இன்னொருவர் உரமாகிவிடும் ஆபத்து இந்த வகை நாவல் எல்லாவற்றிலும் உண்டு. இந்த நாவலை நான் மதிப்பதற்குக் காரணம், அது இந்தக் கேள்வியை மறைக்காமல் ராஜின் தோளிலேயே வைத்திருப்பது.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதில் போதவில்லை. டேவிட் பக்கத்திலிருந்து தானே எழுதப் போவதாகச் சொன்னாள். இதுவரை பதினோரு பக்கம் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். ஹைஃபா துறைமுகத்தில், இறங்கலாம் என்று காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஒரு பையனோடு அவள் கதை தொடங்குகிறது. ராஜ் இன்னும் வரவில்லை.